முதலில், கீரையை யார் ஆயப் போகிறீர்கள்?

வீட்டுச் சாப்பாட்டை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து நூடுல்ஸ், பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் டப்பா என்று எல்லாவற்றையும் அள்ளி வெளியே வைப்பது. நானும் அதைத்தான் செய்தேன். 2023 பொங்கல் முடிந்த கையோடு, அதே வேகத்தில் சந்தைக்குப் போய் ஒன்பது கிலோ காயும் நான்கு கட்டுக் கீரையும் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் அடைத்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பொரியல், கூட்டு என்று தடபுடலாகப் போனது. புதன்கிழமை நானும் மனைவியும் வேலை முடிந்து வீடு வர இரவு எட்டரை. வியாழக்கிழமை காலை கீரைக்கட்டைப் பிரித்தால் நடுவில் கொழகொழவென்று கறுத்துக் கிடக்கிறது, நாற்றம் வேறு. பையன் பக்கத்து வீட்டில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மளிகைக்கடைக்கு அவரே போன் போட்டு இரண்டு பாக்கெட் ரஸ்க் வரவழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவசரப்படாமல் எட்டு மாதம் எடுத்துக்கொண்டு மாறினோம். அதில் எங்களுக்கு ஒத்துவந்ததை, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். மதுரையில் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, பத்து வயசுப் பையன், ஆறு வயசுப் பெண். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம், வரிசை உதவும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாம் பொட்டாசியம் காரணமாக அவருக்கு ஆகாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பித்தால் மருந்தின் வேலை குறைந்துபோகும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும். இவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மளிகை பில்லிலிருந்து ஆரம்பியுங்கள்

எதையும் தூக்கிப் போட வேண்டாம். போன மாத மளிகை பில்லை எடுத்துவைத்து, பாக்கெட்டைப் பிரித்தால் அப்படியே வாயில் போடலாம் என்கிற சாமான்களை மட்டும் பென்சிலால் சுழியுங்கள். எங்கள் பில் 8,400 ரூபாய், சுழித்தது 2,300 ரூபாய். பிஸ்கட் மட்டும் பதினான்கு பாக்கெட். யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கே இரவு டீயோடு நான்கு போவது அப்போதுதான் உறைத்தது.

சுழித்ததில் எது எந்த நேரத்தில் காலியாகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது சாயங்காலம் நான்கிலிருந்து ஏழுக்குள் இருக்கும். மாற்றத்தை அந்த நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நான் மதியச் சாப்பாட்டில் கை வைத்ததுதான் முதல் தப்பு.

வேலையைப் பங்கு போடுங்கள்

இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாக்கெட் உணவு ஜெயிப்பது ருசியால் மட்டும் என்று நினைக்கிறோம். வாங்கி வந்து அலசி, ஆய்ந்து, நறுக்கும் வேலை அதில் இல்லை என்பதுதான் பெரிய காரணம். ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவ எனக்கு முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. காலை ஆறு மணிக்குச் சோறு, குழம்பு, டிபன் பாக்ஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருத்தரிடம் போய் “இனிமேல் தினமும் கீரை” என்று அறிவிப்பது சுலபம். அறிவித்தவர் ஆய்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.

அதனால் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சந்தைக்குப் போவதும் கீரை ஆய்வதும் என் வேலை. சின்ன வெங்காயம் உரிப்பது அம்மா, டிவி பார்த்துக்கொண்டே ஒரு வாரத்துக்கு உரித்துவிடுவார். அவரை, கொத்தவரங்காய் நார் எடுப்பது பையன். கறிவேப்பிலை உருவுவது சின்னவள். சமையல் மட்டுமே மனைவியிடம், அதிலும் ஞாயிறு எனக்கு.

முருங்கைக்கீரைக்கு அம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் வாங்கிய கீரையைக் காம்போடு ஒரு பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் துணியை விரித்து உதறினால் இலை பாதிக்கு மேல் தானாக உதிர்ந்து கிடக்கும், மிச்சத்தை விரலால் இழுத்தால் வந்துவிடும். நாற்பது நிமிடம் பத்து நிமிடமானது. “இத்தனை நாளா ஏம்மா சொல்லல?” என்றால், “நீ எப்படா கீரை ஆஞ்ச, சொல்றதுக்கு?” என்றார்.

சந்தை நாள் இரண்டு

வாரத்துக்கு ஒரே நாள் வாங்கினால் கடைசி மூன்று நாள் வாடிய காய்தான். ஞாயிறு, புதன் என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கேயே போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் இடையில் தரகர் இல்லாமல் நேராக விற்கிறார்கள். அன்றன்றைக்கு விலைப்பலகை எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. காலை ஏழுக்குள் போய்விடுவது நல்லது. ஒன்பது மணிக்குப் போனால் மற்றவர்கள் பொறுக்கிப்போட்டது மிஞ்சும்.

பொறுக்குவதைப் பற்றிச் சுருக்கமாக. கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், ஊசித் துளை இருந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு. சுரைக்காயில் நகம் லேசாக இறங்கினால் பிஞ்சு. முருங்கைக்காயைக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தால் வளைய வேண்டும். வெண்டைக்காய் நுனியை ஒடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஒருநாள் ஒரு அக்கா, “ஒடிச்சதெல்லாம் நீயே எடுத்துக்க தம்பி, ஒடிச்ச காய வேற யாரு வாங்குவா?” என்று பத்துப் பதினைந்தைக் கையில் திணித்துவிட்டார். இப்போதெல்லாம் பார்வையிலேயே எடுக்கிறேன், சின்னதாகப் பார்த்து எடுத்தால் தப்புவதில்லை.

விலை கூடினால் அந்தக் காயை விட்டுவிடுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ரசத்துக்கு எலுமிச்சை, குழம்புக்குப் புளி, நடுவில் புளிச்சகீரை என்று ஓட்டினோம். முருங்கைக்காய் மார்கழியில் யானை விலை, பங்குனி சித்திரையில் சீந்துவாரில்லாமல் கிடக்கும். தை மாதம் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி. கோடையில் வெள்ளரி, நுங்கு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், சந்தையில் எது மலைமலையாகக் குவிந்து கிடக்கிறதோ அதை வாங்குங்கள், அதுதான் அந்த மாதத்துக் காய்.

வாங்கியதைக் கெடாமல் வைப்பது

எனக்கு முதல் வாரம் நடந்த விபத்துக்குக் காரணம் ஈரம். கீரையைக் கழுவி வைக்கக் கூடாது. கட்டை அவிழ்த்து, அழுகிய இலையை எடுத்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நாள் நிற்கும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுங்கள். கொத்தமல்லி, புதினாவை வேரை வெட்டி டப்பாவில் அடியில் ஒரு துணி போட்டு மூடுங்கள். தக்காளியும் வாழைப்பழமும் வெளியே இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாமல் தனித்தனியாக வையுங்கள்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை, அப்புறம் வெண்டை, பீன்ஸ், அவரை, கடைசியாகத்தான் முட்டைக்கோஸ், கேரட், பூசணி, சேனை. கெடுகிறதை முதலில் தீர்ப்பது என்கிற ஒரே விதிதான்.

முதல் மாதம்: சாயங்காலத் தட்டு மட்டும்

இந்த மாதம் வேறு எதையும் தொடாதீர்கள். காலையில் இட்லியோ பூரியோ, மதியம் எவ்வளவு சோறோ, அப்படியே போகட்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் கையில் ஏதாவது விழ வேண்டும், அது தயாராக இருந்தால் பிஸ்கட் டப்பாவைத் தேட மாட்டான். தயாராக இல்லையென்றால் நீங்கள் எத்தனை பிரசங்கம் செய்தாலும் தேடுவான்.

ராத்திரி படுக்கும் முன் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ மொச்சையோ ஒரு டம்ளர் ஊறப் போடுங்கள். காலையில் குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து எடுத்து வைத்துவிட்டால், சாயங்காலம் தாளித்துத் தேங்காய் தூவ மூன்று நிமிடம். ஊறப்போட மறந்த நாளுக்குப் பாசிப்பயறு இருக்கிறது, ஊறாமலே குக்கரில் வெந்துவிடும். அவித்த வேர்க்கடலை, சோளக்கதிர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொய்யாப்பழம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். கொய்யா நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதால் யாரும் மதிப்பதில்லை, ஆரஞ்சில் இருப்பதைப் போல சுமார் நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவுக்கு என் பெண் அடிமை, உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டும், அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இருக்கிற பிஸ்கட்டைத் தீரும்வரை சாப்பிடட்டும். அடுத்த மாதப் பட்டியலில் பதினான்கை எட்டாக்குங்கள், அதற்கடுத்த மாதம் நான்கு. எங்கள் வீட்டில் நான்கோடு நின்றுவிட்டது, அம்மாவின் ரஸ்க் கணக்கு தனி.

இரண்டாவது, மூன்றாவது மாதம்: மதியத் தட்டு

நீங்கள் பொரியலுக்கு எவ்வளவு காய் போடுகிறீர்கள் என்று ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்குக் கால் கிலோ பீன்ஸ். ஆளுக்கு ஐம்பது கிராம். “நாங்கள் தினமும் காய் சாப்பிடுகிறோம்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஐம்பது கிராமை வைத்துத்தான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய், 100 கிராம் பழம் என்று போட்டிருக்கிறார்கள். தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஐம்பதிலிருந்து நானூறுக்கு ஒரே தாவலாகத் தாவ முடியாது, வயிறும் கேட்காது, உப்புசம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். கால் கிலோ அரை கிலோவாகட்டும், அப்புறம் முக்கால். சாம்பாரில் பெயருக்கு நான்கு துண்டு முள்ளங்கி மிதப்பதற்குப் பதில் கரண்டி விட்டால் காய் வரட்டும். பாசிப்பருப்புப் போட்ட கூட்டு நாளுக்கு ஒன்று என்று வைத்தால் காய் தானாகவே கூடும். சோற்றைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, பொரியலை முதலில் பரிமாறிவிட்டுச் சோற்றைப் பிறகு வைத்தால் இரண்டாவது தடவைக்குத் தட்டை நீட்டுவது குறைகிறது.

கீரை வாரத்துக்கு மூன்று நாள். சிறுகீரை, அரைக்கீரை, பசலை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று மாற்றுங்கள், ஒரே கீரையைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். கீரைச் சாப்பாட்டோடு எலுமிச்சை ரசமோ ஒரு நெல்லிக்காய்த் துண்டோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. இந்த டீ விஷயத்தில் எனக்கு இன்னும் முழு வெற்றி இல்லை.

கஷ்டமான காய்களைப் பழகியதுக்கு அப்புறம் தொடுங்கள். வாழைப்பூவை நான் முதல் மாதமே வாங்கி வந்து, கையில் எண்ணெய் தடவாமல் உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலும் கள்ளனை (வேகாத நடு நரம்பை)த் தேடி உருவி, விரலெல்லாம் கறை பிடித்து, நறுக்கியதை மோரில் போடவும் மறந்து, கடைசியில் அது கறுத்துப் போய், ஒன்றரை மணி நேர உழைப்பில் ஒரு கிண்ணம் துவர்ப்பு கிடைத்தது. ஆறு மாதம் கழித்து அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தபோது அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களைக் கேளுங்கள். என் அம்மா முதலில் முறைத்துக்கொண்டதற்குக் காரணம், அவருக்குத் தெரிந்ததையே அவருக்கு நான் பாடம் எடுத்ததுதான். பீர்க்கங்காய்த் தோலை எறியாமல் துவையல் அரைப்பது, வாழைத்தண்டு நாரை விரலில் சுற்றி எடுப்பது, இதெல்லாம் அவர் கையில் இருந்த வித்தை. கேட்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது.

நான்காவது மாதம்: உப்பு, எண்ணெய், சர்க்கரை

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது, சுமார் ஒரு டீஸ்பூன். ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம்தான் வருகிறது, அதிலும் வெளியே சாப்பிடுகிற உப்பும் சேர்த்து, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக. எங்கள் வீட்டில் மாதம் இரண்டு கிலோ தீர்ந்துகொண்டிருந்தது. சமையலில் உப்பைக் குறைத்தால் கலவரம் வரும் என்பதால் முதலில் அப்பளம், வற்றல், ஊறுகாய் மூன்றும் ஒரே வேளையில் தட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் சட்டம் போட்டோம்.

எண்ணெய்க்கு, முன்பு சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டியின்படி ஆளுக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் வரும். மாத ஆரம்பத்தில் மொத்த எண்ணெயையும் வாங்கி வைத்துவிட்டு, நடுவில் வாங்குவதில்லை என்று இருந்தால் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கை தானாகச் சுருங்கும். காபிச் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்குக்குத் தெரியாது.

இந்த மாதம் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கவும் பழகுங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானது முதலில் வருகிற வரிசையில்தான் போட வேண்டும் என்பது விதி. கோதுமை ரொட்டி என்று நம்பி நாங்கள் வாங்கிக்கொண்டிருந்ததில் முதல் பெயர் ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’. மைதாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்ததால் கடையெங்கும் சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட் என்று வந்து குவிந்தது. அதையும் திருப்பிப் பாருங்கள், கம்பு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று.

ஐந்தாவது மாதத்துக்கு மேல்: காலையும், சிறுதானியமும்

சிறுதானியத்தை நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிறைய பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், குதிரைவாலிச் சோறு குழைந்து போன அன்றே ஒட்டுமொத்தத் திட்டமும் குழைந்துவிடுகிறது. இட்லி மாவில் நுழையுங்கள். நான்கு பங்கு இட்லி அரிசியில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சாமையோ வரகோ சேர்த்து ஊறவையுங்கள், தோசையாக வார்த்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் பாதிப் பாதி. சாமைச் சோறு வடிக்க ஒரு டம்ளருக்கு இரண்டு அல்லது இரண்டேகால் டம்ளர் தண்ணீர் போதும், முதலில் எலுமிச்சை சாதம், தயிர்சாதமாகச் செய்தால் பழகிவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால் பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் களியை எடுத்த எடுப்பில் அவர்கள் முன் வைக்காதீர்கள். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை செய்யுங்கள், சூடாக, ஓரம் முறுகலாக.

பரோட்டா பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு பரோட்டாவை விட்டுவிடுங்கள் என்று எழுத எனக்குத் தைரியம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை இருந்தது, மாதத்துக்கு இரண்டு தடவையாகியிருக்கிறது. போகிற அன்று நிம்மதியாகச் சால்னா ஊற்றிச் சாப்பிடுகிறோம். வீட்டில் மறுநாள் வழக்கம்போலக் கூட்டு.

காசுக் கணக்கும் கேட்பீர்கள். எங்களுக்குக் காய், பழச் செலவு மாதம் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏறியது, பாக்கெட் செலவில் ஆயிரத்து எழுநூறு இறங்கியது. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன், கூடுதல் செலவில்லை என்று சொல்லலாம்.

நாளைக்கே போகிறீர்கள் என்றால் முதல் தடவைக்கு, நான்கைந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு வாங்க வேண்டியது: சிறுகீரை ஒரு கட்டு (இரண்டு வேண்டாம்), பீன்ஸ் அரை கிலோ, சுரைக்காய் சின்னதாக ஒன்று, பூசணிக் கீற்று ஒன்று, கேரட் அரை கிலோ, தக்காளி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் அரை கிலோ, கொய்யா ஒரு கிலோ, எலுமிச்சை ஐந்து. வருகிற வழியில் கொண்டைக்கடலை அரை கிலோ. பை இரண்டாக எடுத்துப் போங்கள், தக்காளிக்குத் தனிப் பை, சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.